வெட்டி ஒட்டிய சட்டம்

எங்கள் பெரிய மாமா மட்டக்களப்பில் ஒரு சட்டத்தரணியிடம் லிகிதராக இருந்தார். கொழும்பில் வெள்ளிக்கிழமை வெளியாகும் வர்த்தமானி தபாலில் வந்துவிட்டால் கத்தரிக்கோலும் கோந்துப் போத்தலும் மேசைக்கு ஏறிவிடும். 1956ஆம் ஆண்டுத் திருத்திய பதிப்பின் கனத்த தொகுதிகளைப் பிரித்து, மாறிய பிரிவின் பக்கத்தில் புதியதை ஒட்டுவார். ஓரத்தில் திருத்தச் சட்டத்தின் இலக்கம், ஆண்டு. நீங்கியதைக் கிழிக்கமாட்டார், சிவப்புக் கோடு மட்டும் இழுப்பார். "பழைய வழக்கு வந்தா அண்டைக்கிருந்த சட்டமும் வேணும் மனே" என்பார். சட்டம் தொகுப்பவருக்கு இதைவிடப் பெரிய பாடம் எதையும் நான் பிறகு படிக்கவில்லை.

தொகுதிகள் ஆங்கிலத்தில் இருந்தன. படுவான்கரையிலிருந்து தோணியில் வரும் மீனவர் கேட்டால், 1940இன் கடற்றொழில் கட்டளைச்சட்டத்தை மாமா தமிழில் சொல்லி அனுப்புவார். கேட்டவர் நம்பிப் போவார்.

மறுகா யுத்தம் வந்தது. 1947இன் பொதுமக்கள் பாதுகாப்புக் கட்டளைச்சட்டத்தின் கீழ் அவசரகால ஒழுங்குவிதிகள் குவிந்தன. பிரகடனத்தின் ஆயுள் ஒரு மாதம். அது முடிந்தால் விதிகளும் முடியும், மறுபடி பிறப்பிக்கப்படும், அப்போது சில மாறியும் இருக்கும். மகனைக் கொண்டுபோன விதி இன்று நடைமுறையில் உள்ளதா என்று ஒரு தாய் கேட்டால் சொல்வதற்கு ஆள் இல்லை. விதிகளைத் தொகுத்து வைப்பது அரசு செய்திருக்கவேண்டிய வேலை; அதைக் கொழும்பில் நடேசன் மனித உரிமைகள் நிலையம் போன்றவை இழுத்துப்போட்டுச் செய்தன. அவர்களுக்கு நாம் நன்றிக்கடன் பட்டவர்கள்.

இன்று வர்த்தமானி கைத்தொலைபேசியில் மூன்று மொழியிலும் வருகிறது. இது பெரிய பேறு, மறுக்கமாட்டேன். ஆனால் வருவதெல்லாம் துண்டுகள். மட்டக்களப்பு வாவியில் வலை போடுபவரைக் கட்டுப்படுத்துவது 1996ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கடற்றொழில், நீர்வாழ் வளங்கள் சட்டம். அதை 2013இன் 35ஆம் இலக்கச் சட்டமும் 2017இன் 11ஆம் இலக்கச் சட்டமும் திருத்தின. அமைச்சரின் ஒழுங்குவிதிகள் வேறு வேறு வர்த்தமானிகளில் கிடக்கின்றன. எல்லாவற்றையும் பொருத்தி வாசிக்க வேண்டியவர் விடியற்காலையில் தோணி தள்ளுகிறவர். சட்டத்தரணிகளே இன்னும் 1980ஆம் ஆண்டுத் திருத்திய பதிப்பைத்தான் எடுத்துக்காட்டுகிறார்கள். அதற்குப் பின் நாற்பது வருடங்களுக்கு மேல் போய்விட்டது.

தமிழும் அரச கரும மொழி என்று அரசியலமைப்பின் 1987ஆம் ஆண்டு 13ஆம் திருத்தம் சொன்னது. ஆயினும் சட்டங்களின் இறுதியில் ஒரு பிரிவு வழக்கமாக நிற்கும்: சிங்கள உரைக்கும் தமிழ் உரைக்கும் முரண் வந்தால் சிங்கள உரையே மேலோங்கும். தமிழ் உரையை மட்டும் வாசித்து நடப்பவருக்கு இது எவ்வளவு பெரிய அநீதி!

இதற்கு ஒரு வழி உண்டு. மீன்பிடி விதிகளை மட்டுமாவது, திருத்தங்கள் உரிய இடத்தில் சேர்ந்து, திகதியோடு, ஒரே தமிழ்ப் புத்தகமாக அச்சிட்டு ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். 56 கிலோமீற்றர் நீள வாவிக்கரையில், துறைநீலாவணையிலிருந்து ஏறாவூர் வரை ஒவ்வொரு மீனவர் சங்கத்திலும் ஒரு பிரதி இருந்தால், தங்கூசி (நைலோன் இழை) வலையை எந்த விதியின்படி பறித்தார்கள் என்பதை அவர்களே பக்கம் புரட்டிப் பார்த்துக்கொள்வார்கள்.