பாஞ்சாலிக்குப் பத்தாயிரம் காசு

வாடா பேராண்டி, இப்படித் திண்ணையில குந்து. மெட்ராசுல கேம் கம்பெனியில வேலையாமே? கேமைச் செய்யற வேலைகூட இல்ல, விக்கிற வேலைன்னு உங்கம்மா தளவானூரு முழுக்கத் தம்பட்டம் அடிச்சுட்டா. செஞ்சி கமிட்டிக்கு மல்லாட்டை மூட்டையை ஏத்திக்கினு போயி, அவன் சொன்ன வெலைக்குத் தலையாட்டிட்டு வர்ற வமுசம் நம்முது. அதுல விக்கிறதையே படிப்பாப் படிச்சு ஒருத்தன் வந்திருக்கான்னா எனக்குப் பெருமை இருக்காதா?

நேத்து சோறு திங்கச்சொல்ல ஒன்னு சொன்ன பாரு, "பொண்ணை முன்னாடி நிறுத்தினா கேம் விக்காது தாத்தா, மார்க்கெட்டு அப்படி"ன்னு. நான் வாயைத் தொறக்கல. ராவெல்லாம் பொரண்டு பொரண்டு யோசிச்சேன். நீ சொல்றது சரிதான்டா. சரின்னு ஒத்துக்கினு, தொழிலுக்கு ஒதவற மாதிரி நாலு யோசனையும் சொல்றேன், குறிச்சுக்கோ. உங்க மேனேஜர்கிட்ட காட்டினா சம்பளம் கூடும்.

கெழவனுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்னு முழிக்காத. உன் தங்கச்சி ராவுல பாத்திரத்தைக் கழுவிக் கவுத்துட்டு, உங்கப்பன் தூங்கின பிறகு அவன் போனை எடுத்தாந்து இங்கதான் குந்துவா. கொஞ்ச நேரம் ஆடுவா, கொஞ்ச நேரம் எனக்குப் படிச்சுக் காட்டுவா. கணக்கெல்லாம் அவ சொன்னது. கிண்டல் மட்டும் என்னுது.

மொத யோசனை. ஆம்பளைய இனாமாக் குடு, பொம்பளைக்குக் காசு வாங்கு. டெம்பிள் ரன்னுன்னு 2011-ல வந்துதே, கோயில்லேருந்து செலையைத் தூக்கிக்கினு ஒருத்தன் ஓடுவான், பின்னாலேயே கொரங்குங்க தொரத்தும். திருட்டுப்பய, பேரு கய் டேஞ்சரஸ், அவன் இனாம். அதே ஓட்டத்தை ஸ்கார்லெட் ஃபாக்ஸுங்கற பொண்ணு ஓடணும்னா அப்ப பத்தாயிரம் காசு கட்டணும். அதையும் அந்தத் திருடனை ஓடவிட்டுத்தான் சேக்கணும். நம்ம பக்கம் பொண்ணைக் குடுக்கறவன் பணத்தையும் எண்ணி வைக்கறான். அங்க வாங்கறவன் எண்ணி வைக்கறான். எந்த சீமைக்குப் போனாலும் பொண்ணுன்னா நடுவுல ஒரு பணப்பை வந்து குந்திக்குது.

இதுல ஒரு ஆபத்தும் இருக்கு. 2015-ல அமெரிக்காவுல 12 வயசுப் பொண்ணு ஒன்னு, இந்த மாதிரி ஓடற ஆட்டமா 50-ஐ எறக்கிக் கணக்குப் போட்டு வாஷிங்டன் போஸ்ட்டுல எழுதிப்புடுச்சு. ஆணா பொண்ணான்னு அடையாளம் தெரியற ஆட்டங்கள்ல நூத்துக்கு 98-ல பையன் இருக்கான், 46-லதான் பொண்ணு இருக்கா. பையனை இனாமாத் தர்றது 90, பொண்ணை இனாமாத் தர்றது 15. டெம்பிள் ரன்னைச் செஞ்சதே ஒரு புருசன் பொண்டாட்டிதான். அந்தம்மா நட்டாலியா லக்யனோவா இதைப் படிச்சுட்டு, பொண்ணையும் இனாமாத் தர்றோம்னு சொல்லிட்டாங்க. பாத்தியா, ஒரு குட்டிப்பொண்ணு கூட்டல் கழித்தல் போட்டதுல வருமானம் போச்சு! அதனால பொண்ணுங்க கணக்குப் படிக்கற இடத்துல கடை போடாத.

ரெண்டாவது யோசனை. பொண்ணை வை, ஆனா அட்டையில வைக்காத. 1986-ல நிண்டெண்டோக்காரன் மெட்ராய்டுன்னு ஒரு ஆட்டம் போட்டான். ஆட்டம் பூரா இரும்புக் கவசம் போட்ட ஆளு சுட்டுக்கினே போவும். கடைசியில பாத்தா அது சாமுஸ் அரன்னு ஒரு பொம்பள. அதுவும் வெரசா முடிச்சவனுக்குத்தான் தெரியும். இன்னும் வெரசா முடிச்சா இன்னும் கொஞ்சம் துணி கொறையும். பொம்பளையோட வீரத்தைக் கடைசி வரைக்கும் மறைச்சு வச்சு, ஒடம்பைப் பரிசாக் குடுத்தான் பாரு, அவன் வியாபாரி!

மாஸ் எஃபெக்ட்டுன்னு இன்னொன்னு, 2007-ல ஆரம்பிச்சுது. அதுல ஷெப்பர்டுங்கற தளபதி ஆணா பொண்ணான்னு ஆடறவனே முடிவு பண்ணலாம். நல்ல ஏற்பாடுதான். ஆனா மொத ரெண்டு ஆட்டத்துக்கும் அட்டையில, விளம்பரத்துல எங்க பாத்தாலும் மொட்டைத்தலை ஆம்பளதான். 2011-ல கம்பெனிக்காரனே கணக்குச் சொன்னான், நூத்துக்கு 18 பேருதான் பொம்பள ஷெப்பர்டை எடுத்து ஆடினாங்கன்னு. அப்படி ஒருத்தி இருக்கறதையே சொல்லாம, 18 பேரு எப்படிடா மோப்பம் புடிச்சுக் கண்டுபுடிச்சான்னுதான் எனக்கு அதிசயம். 2012-ல மூணாவது ஆட்டம் வந்தப்ப அவளுக்கும் அட்டையில எடம் குடுத்தாங்க, உள்பக்கமா. டப்பாவிலேருந்து தாளை உருவி, திருப்பிப் போட்டு மாட்டினா அவ மொகம் தெரியும். மாமியா வூட்டுல கதவுக்குப் பின்னால நின்னு பேசுவாளே உங்க ஆயா, அவகூட இவ்வளவு அடக்கமா நின்னதில்ல.

எல்லாரும் இந்த யோசனையைக் கேக்கறதில்ல. 2013-ல லாஸ்ட் ஆஃப் அஸ்னு ஒரு ஆட்டம். அதுல எல்லின்னு ஒரு சின்னப்பொண்ணு வருது. அட்டையில அவளைப் பின்பக்கம் தள்ளுன்னு சொன்னப்ப, செஞ்சவங்க முடியாதுன்னு மொரண்டு புடிச்சு முன்னாடியே நிறுத்தினாங்க. ஒரு கோடிக்கு மேல வித்துத் தொலைச்சுது. அந்த மாதிரி சொல்பேச்சு கேக்காத ஆளுங்களோட சேராத.

மூணாவது யோசனைதான் முக்கியம். விளம்பரக் காசைக் கொறை. ஈடார்னு ஒரு ஆய்வுக் கம்பெனி 2012-ல 669 ஆட்டத்தை எடுத்துப் பாத்துச்சு. அதுல பொண்ணு மட்டுமே கதாநாயகியா இருந்தது 24. ஆம்பள ஆட்டத்தை விளம்பரம் பண்ண 100 ரூவா செலவு பண்றான்னா, இந்த 24-க்கு 40 ரூவாதான் போட்டிருக்கான். கடைசியில விக்கறது கொறைஞ்சுதுன்னதும், "பாத்தியா, நான் அப்பவே சொல்லல?"ங்கறான். நம்ம கமிட்டியில ஒரு தரகன், மூட்டை வாயைப் பிரிக்காம மூலையில தள்ளி வச்சுட்டு, "ஏலத்துல எவனும் கேக்கல, சரக்கு மட்டம்"னு சீட்டு எழுதுவானே, அச்சு அசலா அதே வேலைடா. நீ படிச்சியே மார்க்கெட்டிங்கு, அது இதுதானா?

நாலாவது, எதுவும் செல்லலன்னா வேலை அதிகம்னு சொல்லிடு. 2014-ல அசாசின்ஸ் கிரீட் யூனிட்டிங்கற ஆட்டத்துல நாலு பேரா சேந்து ஆடலாம், நாலும் ஆம்பள. ஏன்னு கேட்டதுக்கு, பொம்பளைய வச்சா அசைவு, கொரலு, உடுப்பு எல்லாம் ரெட்டிப்பு வேலைன்னுட்டாங்க. முன்னாடி அந்த வரிசை ஆட்டத்துலயே வேலை பாத்த ஜோனதன் கூப்பருங்கற அனிமேட்டரு, ஒரு நாள் ரெண்டு நாள் வேலைய்யான்னு போட்டு ஒடைச்சுட்டாரு. 2018-ல அதே வரிசையில ஒடிசி வந்துது. செஞ்சவங்க கசாண்ட்ராங்கற பொம்பளைய மட்டும் வச்சுத்தான் ஆரம்பிச்சாங்களாம். மேலேருந்து, விக்காதுன்னு சொல்லி, அலெக்ஸியோஸ்னு ஒரு ஆம்பளையையும் சேக்க வச்சாங்கன்னு 2020-ல ப்ளூம்பெர்க் எழுதுச்சு. பொம்பளைய சேக்கறதுன்னா ரெட்டிப்பு வேலை, ஆம்பளைய சேக்கறப்ப மட்டும் அது வேலையே இல்ல பாரு!

நாலு யோசனையும் ஆச்சு. இதுக்கு மேல பேசறது உன் தாத்தன் இல்ல, கட்டியங்காரன்.

மீசை அரும்பின காலத்துல நான் கூத்துல பாஞ்சாலி வேஷம் கட்டினவன்டா. நரைச்ச பிறகுதான் கட்டியங்காரன். துகிலுரிதல் அன்னிக்கு மீசையை வழிச்சு, சவுரி வச்சுப் பின்னி, திரைக்குப் பின்னால நிப்பேன். துச்சாதனன் வேஷக்காரன் நேரா வந்து சேலையைப் புடிச்சுட மாட்டான். மொதல்ல எனக்குக் கற்பூரம் காட்டி, கன்னத்துல போட்டுக்கினுதான் தொடுவான். என் கூட மல்லாட்டைக் கொல்லையில களை வெட்டினவன்டா அவன்! சபையில இருக்கற பொம்பளைங்க என்னையப் பாத்துக் கும்புடுவாங்க. ஆம்பளைக்குப் பொம்பள கேரக்டரு ஒட்டாதுன்னு நீ சொன்னியே, அந்தக் கதை இங்க வேகாது. கோயில் திருவிழாவுல பதினெட்டாம் நாளு படுகளத்துல துரியோதனனை மண்ணால செஞ்சு மல்லாத்திப் போட்டு, தொடையில வச்ச ரத்தக்குடத்தை ஒடைச்சு, பாஞ்சாலி கூந்தலை முடியறா. சாயங்காலம் அவ பேருக்கு மஞ்சத்துணி கட்டின ஆம்பளைங்க நெருப்புல எறங்கறாங்க. அவங்கள்ல ஒருத்தனை நிறுத்தி, "அண்ணே, கதாநாயகி பொம்பளையாச்சே, ஒங்களுக்குப் புடிக்குதா?"ன்னு கேட்டுட்டு வா. திரும்பி வந்தா மீதியைப் பேசுவோம்.

கேமுக்குக் கதை வேணுமா? இதோ செஞ்சிக்குப் பக்கத்துல மேலச்சேரி. திரௌபதி அம்மனுக்கு அதுதான் மூலக்கோயில்னு இந்தச் சீமையில சொல்றது. ஆல்ஃப் ஹில்டெபெய்டல்னு ஒரு அமெரிக்கப் பேராசிரியரு இங்கெல்லாம் வந்து கேட்டு அலைஞ்சு, 1988-ல திரௌபதி வழிபாட்டைப் பத்திப் பெரிய புஸ்தகமே போட்டாரு. கதை இதுதான்: செஞ்சி ராஜாவுக்கு நூறு தலை அசுரன் ஒருத்தனால தொல்லை. ராஜா கும்புட, பாஞ்சாலி அக்கினியிலேருந்து மறுபடியும் பொறந்து வந்து அவன் தலையை அறுக்கறா. தலை தரையில விழக்கூடாதுன்னு வரம், அதனால அவ காவக்காரன் போத்துராஜா அதைக் கையில ஏந்தி நிக்கணும். சண்டை போடறவ பொம்பள, தலையைப் புடிக்கற எடுபுடி ஆம்பள. இன்னிக்கும் அவ கோயில் வாசல்ல போத்துராஜா தலையோடதான் நிக்கறான். அவனுக்கு ஒரு கொறையும் வரல.

எங்க பக்கமும் ஓட்டை இருக்கு, மறைக்க மாட்டேன். பாஞ்சாலிக்குக் கூத்து கட்டினோமே தவிர, பாஞ்சாலியை ஒரு பொம்பள கட்ட விடல. வேஷமும் நாங்களே, கைதட்டும் எங்களுக்கே. காஞ்சிபுரம் பக்கத்துல ராஜகோபால் வாத்தியாரு கட்டைக்கூத்து குருகுலம் நடத்தி, பொட்டைப்புள்ளைங்களுக்கும் அடவு சொல்லிக் குடுத்தாரு. அதுங்க கிரீடம் வச்சு, புஜக்கட்டை கட்டி, ஆம்பள வேஷமும் கட்டி ஆடுச்சுங்க. எந்த மேடையும் இடிஞ்சு விழல.

உங்க தொழில்லயும் அப்படித்தான். புனேவுல நாடிங் ஹெட்ஸ்னு ஒரு சின்னக் கம்பெனி, ராஜின்னு ஒரு ஆட்டம் செஞ்சாங்க. சர்க்கஸ்ல கழைக்கூத்தாடற பொண்ணு, துர்க்கை குடுத்த ஆயுதத்தோட தம்பியைத் தேடிக்கினு போறா. 2017-ல ஜனங்ககிட்ட காசு கேட்டாங்க, சேரல. விடாம செஞ்சு 2020-ல வெளியிட்டுட்டாங்க. கனடாவுல டொரொண்டோவுல நம்ம தமிழ்ப்பையன் அபி, வெண்பான்னு ஒன்னு செஞ்சாரு, 2023-ல வந்துது. கதாநாயகி துப்பாக்கி தூக்கல, இட்லி குண்டானைத் தூக்கறா. அவங்கம்மா எழுதிக் குடுத்த சமையல் நோட்டு கிழிஞ்சு அழிஞ்சு கெடக்கு. தட்டை எப்படி அடுக்கறது, புட்டுக்குழாயில எதை மொதல்ல போடறதுன்னு ஆடறவன் மூளையைக் கசக்கணும். சேலை கட்டின தமிழ்ப் பொம்பள, அட்டையிலயே நிக்கறா. 2024-ல பாஃப்டாக்காரங்க அறிமுக ஆட்டத்துக்கான விருதை அதுக்குத்தான் குடுத்தாங்க. சீமைக்காரன் குந்தி இட்லி ஊத்தறான்டா உன் விக்காத பொம்பளைக்காக! ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம், விக்கத் தெரியாதவன் பொம்பள கோணல்ங்கறான்.

இன்னும் ஒன்னு. இது உன் கம்பெனிக்கு இல்ல, நம்ம வூட்டுக்கு. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்புல, இந்தியாவுல நூத்துக்கு 54 பொம்பளைங்ககிட்டதான் தானே வச்சுப் பொழங்கற போன் இருந்துது. மீதி 46 பேருக்கு அப்படி ஒரு போன் இல்ல. நீ என்னடான்னா, "பொண்ணுங்க கேம் ஆடறதில்ல, எங்க டேட்டா சொல்லுது"ங்கற. உனக்குப் பத்தாவது முடிக்கும்போதே போன் வாங்கிக் குடுத்தாங்க. உன் தங்கச்சி காலேஜுக்குப் போறா, இன்னும் அப்பன் தூங்கட்டும்னு காத்துக் கெடக்கா. உன் டேட்டாவுல அவ எங்கடா இருக்கா? உங்கப்பன் பேருலதானே இருக்கா!

அதனால அடுத்த வாட்டி ஊருக்கு வர்றதுக்கு முன்னாடி ரெண்டு காரியம் பண்ணு. மொத மாசச் சம்பளத்துல அவளுக்கு ஒரு போன் வாங்கிக் குடு. அடுத்த ஆட்டத்துக்குப் பொண்ணை அட்டையில முன்பக்கம் நிறுத்தி, ஆம்பளைக்குப் போடற 100 ரூவாயை அவளுக்கும் போடச் சொல்லி உங்க மேனேஜர்கிட்ட சண்டை போடு. அப்பவும் விக்கலைன்னா வா, நீ சொன்னதுதான் மார்க்கெட்டுன்னு இதே திண்ணையில ஒத்துக்கறேன். அதைச் செய்யாம கணக்கு மட்டும் கொண்டாந்து காட்டாத.