அடிமண் எடுத்தவர்

அந்தமானின் ஹேவ்லாக் தீவுக்கு 2018இல் ஸ்வராஜ் தீவு என்று பெயர் மாறிவிட்டது. அங்கே முதன்முதலாக ஸ்கூபா முங்க வந்து நிற்கும் கூட்டத்தில் மாறாத ஒருவர் உண்டு. ஐம்பதை ஒட்டிய வயது, லேசான தொப்பை, மணிக்கட்டில் சிவப்புக் கயிறு. பயிற்சியாளர் வாயைத் திறப்பதற்குள் இவர் திறந்துவிடுவார்.

"நாங்கல்லாம் சுரைக்குடுக்கை கட்டி நீச்சல் படிச்சவங்க தம்பி. அஞ்சு ஆள் ஆழக் கிணறு. ஒரே தம்முல உள்ள போயி அடிமண்ணை அள்ளிட்டு வந்து காட்டணும். மண்ணு இல்லாம வந்தா ஆட்டம் செல்லாது."

தம்பி போர்ட் பிளேரில் பிறந்து வளர்ந்த தமிழ்ப் பையன். வாரத்துக்கு நாலு அடிமண்காரர்களையாவது பார்ப்பவன். "சரிங்க சார்" என்று உடல்நலப் படிவத்தை நீட்டுகிறான். ஆஸ்துமா, வலிப்பு, இதய நோய், இரத்தக் கொதிப்பு எல்லாவற்றுக்கும் 'இல்லை' என்று அவர் ஒரே இழுப்பில் கோடு போடுகிறார். "அப்ப காலையில வெறும் வயித்துல போடுற மாத்திரை யாருக்குங்க?" என்று பின்னாலிருந்து மனைவி கேட்கிறார். கோடு அடிக்கப்படுகிறது; கரையிலிருக்கும் டாக்டரிடம் போய்ச் சீட்டு வாங்கி வந்த பிறகே அடுத்த கட்டம்.

அடுத்த கட்டம், சிலிண்டர். "ஆக்ஸிஜன் ஃபுல்லா இருக்கா?"

"ஆக்ஸிஜன் இல்ல சார். நாம இப்ப இழுக்குற அதே காத்துதான்."

முகம் வாடுகிறது. ஊரில் சும்மா கிடைக்கிற காற்றுக்கா இவ்வளவு பணம்? 200 பார் அழுத்தத்தில் அடைத்ததால் 12 லிட்டர் சிலிண்டருக்குள் ஏறக்குறைய 2400 லிட்டர் காற்று இருக்கிறது என்று கேட்டதும் கொஞ்சம் தெளிகிறார். 10 மீட்டர் ஆழத்தில் அது இரண்டு மடங்கு வேகத்தில் தீரும், 50 பார் மிச்சம் இருக்கும்போதே மேலே வந்துவிட வேண்டும் என்றதும் மறுபடி வாடுகிறார். காசு கொடுத்த பொருளை மிச்சம் வைத்துவிட்டு எழுந்திருப்பது அவர் வளர்ப்பில் இல்லை.

"கவலைய விடு தம்பி. நான் தம் கட்டிக் கட்டி இழுக்குறேன். ஒரு சிலிண்டர் ரெண்டு மணி நேரம் வரும்."

இதுவரை சிரித்துக்கொண்டிருந்த தம்பியின் முகம் மாறுவது இங்கேதான். ஏனென்றால் ஸ்கூபாவின் முதல் விதியே மூச்சை அடக்காதே என்பது. இத்தனை காலமாக எந்த வித்தையால் ஊரில் பெயர் வாங்கினாரோ, அந்த ஒன்றைத்தான் கடல் வேண்டாம் என்கிறது.

காரணம் எளிது. கிணற்றில் அவர் கொண்டுபோனது கரையில் இழுத்த மூச்சு. 10 மீட்டரில் அழுத்தம் இரட்டிப்பதால் நெஞ்சுக்குள் இருந்த காற்று பாதியாகச் சுருங்கியது. ஏறி வந்தபோது பழைய அளவுக்கே விரிந்தது. வரவும் செலவும் சரி. ஸ்கூபாவில் அப்படியில்லை. ஆழத்தில் உள்ள அழுத்தத்துக்கு ஈடாகவே ரெகுலேட்டர் காற்றைத் தரும். அங்கேயே நுரையீரல் நிரம்பிவிடும். அதைத் தம் கட்டிக்கொண்டு மேலே வந்தால், ஒரு நெஞ்சுக்குள் இரண்டு நெஞ்சுக் காற்று. நுரையீரல் கிழியும். குமிழி இரத்தத்தில் புகுந்து மூளை வரை போகலாம். நிரம்பிய நெஞ்சோடு இரண்டு மீட்டர் ஏறினாலே ஆபத்து. ராபர்ட் பாயில் 1662இல் வெளியிட்ட இந்த விதியில் கிணற்றுக்காரர்களுக்குச் சலுகை எதுவும் இல்லை.

ஒருவழியாக முங்குகிறார். முதல் சில மீட்டரிலேயே காது வலிக்கிறது. மூக்கைப் பிடித்து மெல்ல ஊதி, வலிக்கும் முன்பே காதைச் சமன்செய்யச் சொல்லியிருந்தார்கள். ஆனால் வலியைப் பொறுப்பதும் வீரம்தானே? பல்லைக் கடிக்கப் பார்க்கிறார், வாயில் ரெகுலேட்டர். தம்பி அவரைச் சற்று மேலே தூக்கி, மூக்கைப் பிடிக்க வைத்து, மறுபடி இறக்குகிறான்.

பவளத்தருகே ஒரு கலவா மீன். பரவசத்தில் கட்டைவிரலை உயர்த்திக் காட்டுகிறார். தண்ணீருக்குள் அதற்கு 'மேலே போகலாம்' என்று பொருள். தம்பி கிளம்புகிறான். 'போகாதே, பிரமாதம்!' என்று இவர் இரண்டு கட்டைவிரலையும் ஆட்டுகிறார். அவசரம் போலிருக்கிறது என்று தம்பி இன்னும் கெட்டியாகப் பிடித்துக்கொள்கிறான். ஆனாலும் நிமிடத்துக்கு 9 மீட்டருக்கு மேல் வேகம் காட்டுவதில்லை.

படகில் ஏறியதும் கலவாவின் நீளத்தை இரு கைகளால் காட்டுகிறார். முழுக்கப் பொய் என்று சொல்லிவிட முடியாது. முகக்கண்ணாடி வழியே பார்க்கும்போது எதுவும் மூன்றில் ஒரு பங்கு பெரிதாகத் தெரியும். அதற்கு மேல் உள்ள நீளம்தான் அவருடையது. கீழே கயிறு சாம்பல் நிறமாகத் தெரிந்ததே, சாயம் போய்விட்டதா என்று கவலையும் படுகிறார். ஆழத்தில் முதலில் மங்குவது சிவப்பு; படகு வெயிலில் அது பத்திரமாகச் சிவந்திருக்கிறது.

"நாளைக்குக் காலையில இன்னொண்ணு போட்டுருவோம். மத்தியானம்தான் ஃப்ளைட்டு."

முடியாது. முங்கியபோது உடம்பில் கரைந்த நைட்ரஜன், விமானத்தின் குறைந்த அழுத்தத்தில் குமிழாகி மூட்டையும் நரம்பையும் பதம் பார்க்கும். ஒரே முங்கல் என்றாலும் குறைந்தது 12 மணி நேரம். பல முங்கல் என்றால் 18. "பத்துக்கு முடிச்சுக்கலாமே தம்பி? பார்த்துச் செய்யுங்க" என்று பேரம் நடக்கிறது. பத்திரப்பதிவு அலுவலகத்தில்கூடச் செல்லுபடியான குரல் நைட்ரஜனிடம் செல்லவில்லை.

ஆகவே மறுநாள் காலை கரையில் நிற்கிறார். புதிதாக வந்த குழுவில் ஒரு பெரியவர், தாமிரபரணியில் தாம் அடித்த உள்நீச்சலைப் பற்றி ஆரம்பிக்கிறார். நம்மவர் கையமர்த்துகிறார். "அண்ணாச்சி, அதெல்லாம் ஆத்தோட. இங்க மட்டும் மூச்சை அடக்கிறாதீங்க. நெஞ்சு கிழிஞ்சிரும். நான் கீழ போயி அனுபவிச்சுச் சொல்றேன்."

அவர் அனுபவித்தது காதுவலி மட்டும்தான். தம்பி அதைத் திருத்தவில்லை. தான் நூறு முறை சொன்னாலும் 'சின்னப் பையன்' என்று காதில் வாங்காத ஆள், இவர் சொன்னதும் மறுபேச்சில்லாமல் தலையாட்டுகிறார். மூன்றரை நூற்றாண்டு கழித்துப் பாயிலுக்கு ஒரு கொள்கை பரப்புச் செயலாளர் கிடைத்திருக்கிறார். மதியம் ஃப்ளைட் ஏறும் வரை பதவியில் இருப்பார்.