வாசகர் கேட்டவை

கேள்வி: எங்கள் லயத்துக்குப் பின்னால் மண்திட்டு முழுக்க ஓட்டை. வயிற்றில் நீலக்கோடு போட்ட ஈ ஒன்று போய் வருகிறது. குளவிதான், மண்ணெண்ணெய் ஊற்று என்கிறார் வீட்டுக்காரர். ஊற்றலாமா? (ஒரு வாசகி, ஹட்டன்)

பதில்: மண்ணெண்ணெய் விற்கிற விலைக்கு அதை அடுப்புக்கே வையுங்கள், அக்கா. அது குளவி இல்லை, நீலப்பட்டைத் தேனீ. ராணி கிடையாது, கங்காணி கிடையாது, பெரட்டும் கிடையாது. ஓட்டைக்கு ஒருத்தி. அவளே மண்ணைத் தோண்டி, அறை கட்டி, மகரந்தத்தையும் தேனையும் பிசைந்து வைத்து, மேலே ஒரு முட்டையிட்டு, வாசலை அடைத்துவிடுவாள். அரைப்பேர் போடக்கூட ஆளில்லை!

ஆண்களா? தோண்டவும் மாட்டார்கள், கொட்டவும் தெரியாது. பொழுது சாய்ந்தால் காய்ந்த குச்சியை வாயால் கவ்விக்கொண்டு வரிசையாகத் தூங்குவார்கள். (வீட்டுக்காரருக்கு இந்தப் பத்தியை வாசித்துக் காட்ட வேண்டாம்.)

தேயிலைக்கு இவள் தயவு தேவையில்லை. கொழுந்தைத்தான் கிள்ளுகிறோம், புதுக்கன்றும் பெரும்பாலும் தண்டிலிருந்தே வருகிறது. உங்கள் தோட்டத்துத் தக்காளிக்கும் கத்தரிக்கும்தான் தேவை. பூவைப் பிடித்துக்கொண்டு உடம்பை உதறுவாள். உள்ளே அடைபட்ட மகரந்தம் கொட்டும். சாதாரணத் தேனீக்கு அந்த வித்தை வராது.

நம்மைத் துரத்துகிற குளவி கூட்டமாக இருக்கும். கூடு மரத்திலோ தேயிலைச் செடிக்குள்ளோ தொங்கும். ஒரே வாசலில் பத்துப் பதினைந்து போய் வந்தால் கிட்டப் போகாதீர்கள். அங்கேயும் மண்ணெண்ணெய் வேண்டாம், ஓட்டம்தான்.