எட்டிப் பார்க்கும் மாடி

கேள்வி: முறைப்படி பிளான் அநுமதி பெற்றுக் கட்டிய மாடியிலிருந்து அண்டை வீட்டுக்குள் பார்த்தால், அதற்கும் வழக்குப் போட முடியுமா?

பதில்: லண்டனில் போட்டார்கள், ஜயித்தும்விட்டார்கள், சாவகாசமாக. டேட் மாடர்ன் கலைக்கூடத்தார் 2016-இல் திறந்த புதுக் கட்டடத்தின் பத்தாவது மாடியில், நகரத்தின் சௌந்தரியத்தைக் காணவென்று அமைத்த தாழ்வாரத்தில் ஏறிய ஜனங்களிற் பலர், தேம்ஸ் நதியை அதன் போக்கில் விட்டுவிட்டு, சுமார் 34 மீட்டர் தூரத்தில் கண்ணாடியையே சுவராகக் கொண்டு நின்ற அடுக்குவீடுகளில் யார் என்ன செய்கிறார்கள் என்னும் ஆராய்ச்சியில் பிரவேசித்து, புகைப்படமும் பிடிக்கலாயினர். (ஓவியம் பார்க்கப் போனவர்கள்தாம்!) கண்ணாடி வீட்டை விரும்பி வாங்கியவர்கள் திரைச்சீலை தொங்கவிட்டுக்கொள்ளலாமே என்று 2019-இல் நீதிபதி வழக்கைத் தள்ளினார், அப்பீலும் தோற்றது. 2023 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றந்தான், ஐவரில் மூவர் அபிப்பிராயப்படி, லக்ஷக்கணக்கானவர்களை மேடையேற்றிப் பிறர் வீட்டை வேடிக்கை பார்க்கவிடுவது சட்டப்படியே உபத்திரவம் என்று தீர்ப்பளித்தது. அங்கே பிளான் அநுமதி கட்டுவதற்குத்தான் செல்லுமேயன்றி, அண்டை வீட்டாரைத் தொல்லைப்படுத்துவதற்குச் செல்லாது. ஆயினும், சாதாரண ஜன்னலிலிருந்தோ மொட்டைமாடியிலிருந்தோ பார்வை விழுவது அந்தச் சட்டத்திலும் குற்றமன்று. தங்கள் அண்டை வீட்டு அம்மாள் வற்றல் காயவைக்கத்தான் மாடியேறுகிறாள் என்றால், லண்டன் தீர்ப்பை நம்பாதீர்கள், திரைச்சீலை வாங்கிவிடுங்கள்.