பாய்மேல் படையெடுப்பு

திருநெல்வேலி டவுனில், தேரடியிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கிறது அந்த வீடு. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மூன்று மணிவாக்கில் வாசலில் நின்று, “அண்ணாச்சி இருக்காவளா?” என்று கேட்டால், உள்ளேயிருந்து மதினியின் குரல் வரும்.

“இருக்காவ, இருக்காவ. ஆத்துக்கு அந்தப் பக்கம் நிக்காவ. பாத்து வாங்க தம்பி, யானைய மிதிச்சிராதீய.”

புதிதாக வருகிறவர் என்றால் அப்படியே திரும்பிப் போய்விடுவார். பழகினவர்கள் சுவரோரமாக ஒண்டிக்கொண்டு உள்ளே போவோம். பட்டாசாலை முழுக்கப் போர்க்களம்.

பத்தமடைப் பாய் விரித்திருக்கும். குறுக்கே, மதினியின் பழைய நீலச் சேலையிலிருந்து கிழித்த நீளத் துணி. அதுதான் தாமிரபரணி. மேற்கே சுவரை ஒட்டி இரண்டு தலையணை, பொதிகை மலை. கிழக்கே ஒரு செம்புத் தண்ணீர், மன்னார் வளைகுடா. சண்டை மும்முரத்தில் தொண்டை காய்ந்தால் அண்ணாச்சி வளைகுடாவைத் தூக்கி அண்ணாந்து பாதி குடித்துவிட்டு மறுபடி அதே இடத்தில் வைப்பார்.

புளியங்கொட்டை காலாள். குன்றிமணி வில்லாளி. சோழி குதிரை. யானைகள் மட்டும் யானைகளாகவே இருக்கும். காருக்குறிச்சியில் மண்பாண்டம் செய்கிறவர்களிடம் சொல்லிச் செய்து வாங்கியவை, கட்டைவிரல் உயரம். கொம்பு உடைந்தது பெண் யானை. தும்பிக்கையும் சேர்ந்து உடைந்தது, போன சண்டையில் காயம்பட்டது.

தளபதிகள் கொலுப் பெட்டியிலிருந்து வருவார்கள். எதிரே பருப்பையும் அரிசியையும் குவித்து வைத்துக்கொண்டு தொந்தி சரிய உட்கார்ந்திருக்கும் செட்டியார் பொம்மை, விஜயநகர சேனாபதி. வேணாட்டு ராஜாவுக்கு தசாவதார செட்டிலிருந்து பரசுராமர். “மலையாளத்தைக் கடல்லருந்து மீட்டவரு அவருதானவே, பொருத்தமாத்தான் வச்சிருக்கேன்” என்பார் அண்ணாச்சி. இந்தப் பொருத்தத்தால் போன நவராத்திரிக்குப் பரசுராமர் கோடாலி இல்லாமல் கொலுவில் நின்றார். சுண்டல் வாங்க வந்தவர்களெல்லாம் “இது எந்த ராமர்?” என்று கேட்டார்களாம். செட்டில் மூன்று ராமர் இருப்பதால் மதினியாலும் சட்டென்று பதில் சொல்ல முடியவில்லை.

நம் ஆற்றங்கரை ஊர்களில் சரித்திரம் தலைக்கேறியவர்கள் ஊருக்கு ஒருவராவது உண்டு. அவர்களில் வகை இருக்கிறது. முதல் வகை, ஓட்டாஞ்சில்லு வகை. இவர்கள் ஆதிச்சநல்லூர் மேட்டை விட்டு மனசால் இறங்கவே மாட்டார்கள். 1876இல் ஜெர்மனியிலிருந்து வந்த யாகோர் இங்கே தோண்டியதைப் பெர்லினுக்குக் கொண்டுபோனதை, நேற்று ராத்திரி தன் வீட்டுக் கொல்லையில் களவு போனதுபோலச் சொல்லுவார்கள். வீட்டில் பானை உடைந்தால் மனைவி துடைப்பத்தைத் தேடுவார், இவர்கள் பூதக்கண்ணாடியைத் தேடுவார்கள்.

இரண்டாம் வகை, கல்வெட்டு வகை. இவர்களோடு கோயிலுக்குப் போனால் சாமி பார்க்க முடியாது. அம்பாசமுத்திரத்துப் பக்கம் மன்னார்கோயிலுக்கு ஒருவர் என்னைக் கூட்டிப்போனார். பாண்டிய நாட்டில், சேர ராஜா ஒருவன் கோயில் கட்டி, அதற்கு ராஜேந்திர சோழன் பெயரை வைத்த கதையைச் சுவர் சுவராகச் சொல்லி முடிப்பதற்குள் நடை சாத்திவிட்டார்கள். மூவேந்தரையும் ஒரே கோயிலில் பார்த்தாயிற்று, ராஜகோபால சுவாமியை மட்டும் பார்க்கவில்லை.

அண்ணாச்சி மூன்றாம் வகை. சண்டை வகை. முதல் இரண்டு வகையினர் நடந்ததைத் தெரிந்துகொண்டால் போதும் என்று இருப்பார்கள். மூன்றாம் வகைக்கு அது போதாது. நடந்தது சரியாக நடந்ததா என்று மறுபடி நடத்திப் பார்க்க வேண்டும். முப்பத்திரண்டு வருஷம் ஓர் அலுவலகத்தில் பேரேடு எழுதி, கூட்டல் தப்பினால் முதல் பக்கத்திலிருந்து மறுபடி கூட்டிப் பழகியவர். ஓய்வு பெற்றதும் அதே கண்ணோடு பாண்டியர் சரித்திரத்தைத் திறந்தார். எங்கேயோ கணக்கு இடிக்கிறது என்று அவருக்குப் பட்டுவிட்டது.

இப்படி ஒரு விளையாட்டு உலகத்தில் ஏற்கெனவே இருக்கிறது என்று பெங்களூரிலிருந்து வந்த மருமகன்தான் சொன்னான். 1824இல் பிரஷ்யாவில் ரைஸ்விட்ஸ் என்ற ராணுவ அதிகாரி, வரைபடத்தின்மேல் கட்டைகளை நகர்த்திப் போர் பழகுவதற்கு விதி எழுதி வெளியிட்டார். எச். ஜி. வெல்ஸ், 1913இல் ‘லிட்டில் வார்ஸ்’ என்று புத்தகமே போட்டார். அவ்வளவு பெரிய எழுத்தாளர் வீட்டுத் தரையில் மண்டியிட்டுப் பொம்மைப் பீரங்கியால் ஈயச் சிப்பாய்களைச் சுட்டு விளையாடியிருக்கிறார் என்று கேட்டதும் அண்ணாச்சி மதினியை ஒரு பார்வை பார்த்தார். இப்போது வெள்ளைக்காரர்கள் 28 மில்லிமீட்டர் சிப்பாய்க்கு மீசை வரைக்கும் வண்ணம் தீட்டுகிறார்களாம். 1990இல் பில் பார்க்கர் என்பவரும் கூட்டாளிகளும் எழுதிய ‘டி பெல்லிஸ் ஆன்டிக்விடாடிஸ்’ என்ற விதிநூலில் பழங்கால, இடைக்காலப் படைகளுக்கெல்லாம் பட்டியல் உண்டு. ஒரு சேனைக்குப் பன்னிரண்டே துண்டு.

“நம்ம படை இருக்கா?” என்றார் அண்ணாச்சி.

இருந்தது. ஆனால் தமிழரையும் சிங்களரையும் ஒரே தலைப்பில் போட்டிருந்தார்கள். அண்ணாச்சிக்கு வந்ததே கோபம். “சேரனும் சோழனும் பாண்டியனும் ஒரே சேனையாம், கூட இலங்கைக்காரனும் உண்டாம்! எல்லாரும் ஒண்ணா நின்னிருந்தா பெறவு எதுக்குவே இத்தன சண்டை?”

பொம்மைச் சிப்பாய்களின் விலையையும் மருமகன் சொன்னான். அண்ணாச்சி மறுபேச்சுப் பேசாமல் எழுந்து அடுக்களைக்குப் போய்ப் புளிப்பானையைத் திறந்தார்.

அன்றிலிருந்து சாம்பாருக்கும் சேனைக்கும் நேரடித் தொடர்பு ஏற்பட்டது. வீட்டில் எவ்வளவு புளி கரைகிறதோ அவ்வளவு காலாள் சேரும். புளியோதரை செய்தால் ஒரு பட்டாளமே வந்து இறங்கும். எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது, மதினி கடையில் கொட்டை எடுத்த புளி வாங்கத் தொடங்கும் வரைக்கும். படைக்கு ஆள் எடுப்பது அடியோடு நின்றுபோயிற்று.

அண்ணாச்சியின் விதிகள் எந்த வெள்ளைக்காரர் புத்தகத்திலும் கிடையாது. எல்லாம் சொந்தச் சரக்கு.

முதல் விதி, ஆநிரை. தமிழனுக்குப் போர் என்றால் வெட்சியில் தொடங்கி வாகையில் முடிய வேண்டும், மாடு பிடிக்காமல் சண்டையில்லை என்பார். பேரனின் பிளாஸ்டிக் மிருகங்கள் ஆநிரையாக நிற்கும். அதில் இரண்டு வரிக்குதிரையும் ஒரு டைனோசரும் உண்டு. கவர்கிற பக்கம் வெட்சி சூட வேண்டும் என்பதால் பக்கத்து வீட்டு இட்லிப்பூச் செடி மொட்டையாகிவிட்டது. முடிவில்தான் சிக்கல். வாகை பூக்காத மாதத்தில் ஜெயித்தால், வெற்றி பாக்கி என்று நோட்டில் எழுதி வைப்பார். அந்த நோட்டில் பதினொரு வெற்றிகள் பாக்கி நிற்கின்றன.

இரண்டாவது, குதிரை விதி. 13ஆம் நூற்றாண்டின் கடைசியில் இந்தப் பக்கம் வந்த மார்க்கோ போலோ, நம் ஆறு கடலில் விழுகிற இடத்தருகே காயல் துறையில் ஓர்முஸ், ஏடன் கப்பல்கள் குதிரைகளைக் கொண்டுவந்து இறக்கியதை எழுதியிருக்கிறார். நம்மவர்களுக்குக் குதிரை வளர்க்கத் தெரியவில்லை, லாடம் அடிக்க ஆளில்லை, சோற்றோடு கறியை வேகவைத்துப் போடுகிறார்கள், அதனால் வருஷா வருஷம் குதிரை சாகிறது, வருஷா வருஷம் ராஜா பணத்தைக் கொட்டிப் புதிது வாங்குகிறார் என்றும் எழுதியிருக்கிறார். ஆகவே அண்ணாச்சியின் ஆட்டத்தில், சண்டை நடந்தாலும் நடக்காவிட்டாலும், சுற்றுக்கு ஒரு சோழி செத்துப்போகும். “எதிரி தொடவே இல்லியே அண்ணாச்சி, எப்படிச் செத்துச்சு?” என்று கேட்டால், “கறிச்சோறு” என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார்.

மூன்றாவது, வெள்ள விதி. ஆட்டம் தாயக்கட்டையில். தாயம் விழாமல் எந்தப் படையும் கிளம்பக் கூடாது. பன்னிரண்டு விழுந்தால் ஆற்றில் வெள்ளம்; துணிக்கு ஒரு சாண் தூரத்தில் நிற்கிற அத்தனை பேரும், எந்தக் கட்சியாக இருந்தாலும், அம்பேல். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டி ஆறு ஊருக்குள் வந்ததே, அதற்குப் பிறகு சேர்த்த விதி இது.

அண்ணாச்சி அடிக்கடி நடத்துகிற சண்டை 1532. எந்த ஊர்ச் சண்டையோ என்று நினைக்க வேண்டாம், தாமிரபரணிக் கரையிலேயே நடந்தது. தென்காசிப் பாண்டியன் நிலத்தை வேணாட்டு ராஜாவான திருவடி பிடித்துக்கொண்டான். விஜயநகரத்துக்கு எதிராகக் கிளம்பிய செல்லப்பனுக்கும் அவனே அடைக்கலம் கொடுத்தான். விஜயநகர ராஜா அச்சுத ராயர் பெரும் படையோடு தெற்கே புறப்பட்டார். ஆனால் ஸ்ரீரங்கத்தோடு நின்றுகொண்டு, மேற்கொண்டு சண்டைக்கு மச்சினன் சலகராஜு திருமலையை அனுப்பினார். திருமலை ஜெயித்து ஆற்றங்கரையில் வெற்றித்தூண் நாட்டினான் என்று இராஜநாத டிண்டிமர் ‘அச்சுதராயாப்யுதயம்’ என்று சமஸ்கிருதத்தில் காவியம் பாடி வைத்தார்.

“எல்லாக் காலத்திலயும் மச்சினன்தான் இளிச்சவாயன்” என்பது மதினியின் ஒரு வரி விமரிசனம். அவருடைய தம்பி, அண்ணாச்சிக்கு மாப்பிள்ளை முறை, பாளையங்கோட்டைக்காரர். நான் போயிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர்தான் எதிர்க்கட்சி. ஆற்றுக்குத் தெற்கே வேணாட்டுப் படையோடு உட்கார்ந்திருந்தார். பாளையங்கோட்டையும் அந்தக் கரைதானே.

அண்ணாச்சிக்குத் தாயம் விழவில்லை. மூன்று விழுந்தது, ஐந்து விழுந்தது, ஆறு விழுந்தது. அரை மணி நேரம் செட்டியார் பொம்மை ஸ்ரீரங்கமாகிய திண்ணையிலேயே இருந்தது. மாப்பிள்ளை ஒரு தட்டு முறுக்கைக் காலி செய்துவிட்டார்.

“அத்தான், ஒங்க ராயரு கோயில்லயே தங்கிட்டாரு போல?”

“நிசத்திலயும் அப்படித்தாம்ல நடந்துச்சு!” என்று அண்ணாச்சி சந்தோஷப்பட்டார். தோற்றாலும் பரவாயில்லை, சரித்திரத்தோடு ஒத்துப் போகிறதே.

கடைசியில் தாயம் விழுந்தது. விஜயநகரம் இறங்கியது. யானைகள் ஆற்றைக் கடந்தன, குன்றிமணிகள் பொழிந்தன, நான்கு சோழிகள் கறிச்சோறு தின்று செத்தன. இரண்டு சேனையும் நீலத்துணிக்கு இருபுறமும் முட்டிக்கொண்டு நின்ற நேரத்தில் மாப்பிள்ளை கட்டையை உருட்டினார். இரண்டும் வெற்றுப் பக்கம் காட்டின. “பன்னெண்டு!” என்று, சின்ன வயதிலிருந்து தாயம் ஆடிய பழக்கதோஷத்தில் துள்ளி எழுந்தார். தன் சேனையும்தான் ஆற்றோடு போகிறது என்பது உட்கார்ந்த பிறகே அவருக்கு உறைத்தது.

அண்ணாச்சி இரண்டு கையாலும் புளியங்கொட்டைகளை வழித்து வளைகுடாப் பக்கம் தள்ளினார். பாயில் மிஞ்சியது இக்கரையில் செட்டியார், அக்கரையில் பரசுராமர், மேற்கே தலையணை அடிவாரத்தில் ஒரு குங்குமச் சிமிழ்.

“அது யாரு அண்ணாச்சி?”

“தென்காசிப் பாண்டியன்.”

“ஆரம்பத்திலருந்து அங்ஙனயே இருக்காரே, நகரவே இல்லியே?”

“அவருக்கு நகர்வு கிடையாதுவே. அவரு ஆளு கூப்பிட்டாரு, அவ்வளவுதான். சண்ட முடிஞ்சதும் ராயருக்குப் பொண்ணக் குடுத்தாரு.”

“அப்போ இந்தச் சண்டையில நாம எந்தப் பக்கம்?”

கேட்டிருக்கக் கூடாது. அண்ணாச்சி செட்டியாரைப் பார்த்தார், பரசுராமரைப் பார்த்தார், சிமிழைப் பார்த்தார். பேரேட்டில் கூட்டல் இடிக்கிற இடம் இதுதான் போலிருக்கிறது. பதில் அடுக்களையிலிருந்து வந்தது.

“நாம பாய், தம்பி. வாரவன் போறவன்லாம் மிதிச்சு அடிச்சுக்கிட்டுப் போவான், பெறவு ஒதறிச் சுருட்டி வைக்கணும். எந்திரிங்க எல்லாரும், எந் தம்பி செத்த நேரம் தலைசாய்க்கட்டும்.”

மாப்பிள்ளை பொதிகை மலையில் ஒன்றை எடுத்துத் தலைக்கு வைத்துக்கொண்டு, தாமிரபரணியின்மேல் காலை நீட்டிப் படுத்தார். அண்ணாச்சி ஒரு வார்த்தை பேசாமல் குதிரைகளைப் பொறுக்கி டப்பாவில் போட்டார். என்னை வழியனுப்ப வாசல் வரைக்கும் வந்தார். கையில் இன்னும் அந்தக் குங்குமச் சிமிழ்.

“அடுத்த ஞாயிறு தலையாலங்கானம்வே” என்றார். “பாண்டியன் நெடுஞ்செழியன். அந்தப் பக்கம் சேரன், சோழன், வேளிர் அஞ்சு பேரு, ஆக மொத்தம் ஏழு. இந்தப் பக்கம் ஒத்த ஆளு. யாரையும் கூப்பிடல. அவரே போனாரு, அவரே செயிச்சாரு.”

நான் தலையாட்டிவிட்டுத் தெருவில் இறங்கினேன். நாலு வீடு தாண்டியிருப்பேன், பின்னாலிருந்து குரல் வந்தது.

“வரும்போது ரெண்டு கிலோ புளி வாங்கிட்டு வாரும்! கொட்டை எடுக்காதது! ஏழு சேனை நிறுத்தணும்லாவே!”