அடையா வாசல் வள்ளல்கள்

முல்லைக்குப் பாரி கொடுத்தது ஒரே ஒரு தேர். நம் வங்கி நிர்வாகிகளின் வண்மைக்கு முன் அது எம்மாத்திரம்? பணம் நிரப்பிய ஏடிஎம் பெட்டியையே தாழ்ப்பாள் இல்லாமல் நடுத்தெருவில் நிறுத்திய வள்ளல்கள் இவர்கள்.

2001-ல் வந்த விண்டோஸ் எக்ஸ்பிக்குப் பாதுகாப்புத் திருத்தம் தருவதை 2014 ஏப்ரல் 8-ஆம் தேதியோடு மைக்ரோசாஃப்ட் நிறுத்தியது. பெற்றவள் கைவிட்டாலும், ஏடிஎம்களில் அதை வளர்த்தவர்கள் விடவில்லை. 2017 ஏப்ரலில் ரிசர்வ் வங்கி கவலைப்பட்டு எழுதியது. பெரியவர்கள் சொல்லைப் பணிவோடு கேட்டுக்கொண்டார்கள்; அசையவில்லை. 2018 ஜூனில் அது கெடு வைக்க வேண்டியதாயிற்று: ஏடிஎம்களில் செப்டம்பருக்குள் கால்வாசி, டிசம்பருக்குள் பாதி, 2019 ஜூனுக்குள் முழுவதும் ஆதரவுள்ள இயங்குதளத்துக்கு மாற வேண்டும். நம் கடன் தவணை ஒரு நாள் தப்பினால் அபராதம் போடுகிறவர்களுக்குள் இத்தனை நிதானம் குடியிருப்பதை யார் நினைத்தார்கள்!

இந்த அறம் கடல் கடந்தும் தழைத்தது. 2017 மே 12-ல் வானாக்ரை என்ற, கோப்புகளைப் பூட்டிப் பணயம் கேட்கும் தீநிரல் உலகைச் சுற்றியது. விண்டோஸ் 7 போன்றவற்றில் அது நுழையும் ஓட்டையை அடைக்கும் திருத்தம் மார்ச் 14-லேயே வந்துவிட்டது, அதுவும் இலவசமாக. இலவசம் வாங்குவது இழுக்கு என்று கருதிய மானஸ்தர்கள் அதைத் தொடவில்லை. பிரிட்டன் அரசு மருத்துவமனைகளில் சுமார் 19,000 நோயாளிச் சந்திப்புகள் ரத்தாயின. மருத்துவர்களுக்கு இப்படியொரு ஓய்வை வேறு யார் கொடுத்திருப்பார்கள்?

நிரல் எழுதும் பிரிவின் தவத்தைச் சொல்லாமல் விட்டால் பாவம். எழுதிய நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் கம்பைலர்களில், 1998-ல் வந்த விஷுவல் சி++ 6-ஐ இன்றும் பூஜிப்பவர்கள் உண்டு. புதிய கம்பைலருக்கு வாய்த்துடுக்கு அதிகம். பழைய நிரலைக் கண்டதும் 'இந்த மாறிக்கு மதிப்பே தரவில்லை, அந்த வரி நினைவக எல்லையைத் தாண்டுகிறது' என்று ஊரறியப் புலம்பும். பழையதோ நல்ல வீட்டு மாமியைப் போல. எது தெரிந்தாலும் வெளியே சொல்லாது. "ஓடுற வண்டியில கை வைக்காதே" என்பது இவர்கள் வேதம். பிரேக் இல்லாமல் ஓடுவதும் ஓட்டம்தானே.

புதிய திருத்தத்தை ஒரு கணினியில் முதலில் ஏற்றிச் சோதித்து, சரியாக ஓடினால் மற்றவற்றுக்கு மாற்றுகிற கஞ்சத்தனமும் இவர்களிடம் இல்லை. வள்ளலுக்கு ஏது கணக்கு?

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவும் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. வள்ளல்களே, அவசரப்பட்டுக் கதவைச் சாத்திவிடாதீர்கள்; தூரத்திலிருந்து கிளம்பி வருகிறவர்கள் ஏமாந்துபோவார்கள்.