வண்டியைத் திருப்பினால் தண்ணீர் வரும்

போன அக்டோபரில் லாஸ் ஏஞ்சலீஸில் மகள் வீட்டில் இருந்தபோது, மாப்பிள்ளை ஒரு மோட்டார் ஹோமை வாடகைக்கு எடுத்துவந்து வாசலில் நிறுத்தினார். ஆம்னி பஸ்ஸுக்கும் கோயில் தேருக்கும் பிறந்த பிள்ளை மாதிரி இருந்தது. உள்ளே கட்டில், அடுப்பு, ஃபிரிட்ஜ், கக்கூஸ், நின்று குளிக்க ஒரு கூண்டு. நாலு பேர், மூன்று ராத்திரி, அலபாமா ஹில்ஸ். பெயரைப் பார்த்து வேறு மாநிலம் என்று நினைத்துவிடாதீர்கள். கலிஃபோர்னியாவிலேயே லோன் பைன் என்ற சின்ன ஊரை ஒட்டிய பாறைக்காடு அது. கரண்ட் கிடையாது, குழாய் கிடையாது.

"தண்ணிதான் மாமா பிரச்சனை. டேங்க் நாப்பது காலன்தான். நூத்தம்பது லிட்டர்" என்றார் மாப்பிள்ளை.

யாரிடம் வந்து என்ன சொல்கிறார் பாருங்கள். நான் சென்னைக்காரன். 2019-ல் ஜோலார்பேட்டையிலிருந்து ஒரு நடைக்கு 25 லட்சம் லிட்டர் தண்ணீர் ரயிலேறி வந்ததே, அந்தக் கோடையில் 24 வீடுகள் கொண்ட எங்கள் அடுக்ககத்துக்குச் செயலாளர் நான். லாரிக்காரரின் குழந்தைகளுக்குப் பிறந்தநாள் வாழ்த்து சொன்னவன். சம்ப்பில் மூங்கில் கழியை விட்டு, ஈரம் ஏறிய உயரத்தை வைத்தே லிட்டர் சொல்லக்கூடியவன். "நூத்தம்பதா? ஒரு வாரம் ஓட்டலாம் மாப்ளே" என்றேன்.

என் மனைவி ஒன்றும் சொல்லவில்லை. அவள் காட்டுமன்னார்கோயில். வீராணம் ஏரியைப் பார்த்து வளர்ந்தவள். குளிப்பது என்றால் தண்ணீர் தலையில் விழ வேண்டும், விழுந்ததா இல்லையா என்று யோசிக்க வைக்கக் கூடாது என்பது அவள் கட்சி. கல்யாணமாகி 41 வருஷமாகக் குளியலறைக் கதவைத் தட்டி "போதும்" என்று சொல்லிவருகிறேன். அவளும் உள்ளேயிருந்து ஒரே பதிலைத்தான் சொல்லிவருகிறாள்: "எங்க ஊர்த் தண்ணி." 2004-ல் வீராணத்துத் தண்ணீர் நிஜமாகவே குழாய் வழியாகச் சென்னைக்கு வந்து சேர்ந்த பிறகு என் வாதம் படுத்துவிட்டது.

வீட்டுத் தோட்டக் குழாயில் வெள்ளை ஹோஸைச் செருகி டேங்கை நிரப்பினோம். குடிதண்ணீருக்கு வெள்ளை ஹோஸ்தானாம். பச்சை ஹோஸில் பிடித்தால் ரப்பர் வாடை வரும். ஒரு லிட்டர் ஒரு கிலோ, ஆக நூற்றைம்பது கிலோ தண்ணீரை ஏற்றிக்கொண்டு 340 கிலோமீட்டர் கிளம்பினோம். வண்டி லிட்டருக்கு நாலு கிலோமீட்டர் தரும், அதுவும் மனசிருந்தால். அவசரத்துக்கு இருக்கட்டும் என்று மகள் தன் காரில் பின்னால் வந்தாள்.

அடுப்புக்கு மேலே ஒரு பலகை, அதில் ஒரு பொத்தான். அழுத்தினால் டேங்கில் எவ்வளவு என்று விளக்கு எரியும். காலி, மூன்றில் ஒன்று, மூன்றில் இரண்டு, நிறைவு. நாலே நாலு பதில்தான். நூறு லிட்டர் இருந்தாலும் 'மூன்றில் இரண்டு', நூற்று நாற்பது இருந்தாலும் அதே. சாயங்காலம் பாறைகளுக்கு நடுவே ஒரு சரிவில் நிறுத்திவிட்டு அழுத்தினேன். 'மூன்றில் இரண்டு.' யாரும் இன்னும் கைகூடக் கழுவவில்லை! வண்டிக்கு அடியில் படுத்து டார்ச் அடித்துப் பார்த்தேன், ஒழுகலும் இல்லை. மாப்பிள்ளை நிதானமாக வண்டியை எதிர்ப்பக்கமாகத் திருப்பி நிறுத்தினார். விளக்கு ஒரு படி மேலே ஏறியது. தண்ணீர் டேங்கின் ஒரு பக்கம் ஒதுங்கியிருக்கிறது, அளவுக்கம்பி மறுபக்கம் இருக்கிறது, அவ்வளவுதான். சென்னையில் இந்த வசதி இருந்திருந்தால் செம்பரம்பாக்கம் ஏரியை ஒரு பக்கமாகச் சாய்த்து நிறுத்தியிருப்போம்.

குளிக்கும் முறையை மாப்பிள்ளை விளக்கினார். உடம்பை நனை, குழாயை மூடு, சோப்புப் போடு, மறுபடி திற, அலசு. அமெரிக்கக் கடற்படைக் கண்டுபிடிப்பாம், பெயரே 'நேவி ஷவர்'. நாங்கள் சென்னை கே.கே.நகரில் கப்பல் இல்லாமலேயே அதைச் செய்துகொண்டிருந்தோம். பெட்டியிலிருந்து என் பிளாஸ்டிக் மக்கை எடுத்தேன். இதைச் சென்னையிலிருந்து தூக்கிவந்ததற்காக விமான நிலையத்திலேயே தலையில் அடித்துக்கொண்ட மகள்தான் அதை முதலில் கேட்டு வாங்கிப் போனாள். வெந்நீர் வருவதற்கு முன் குழாயில் நிற்கும் பச்சைத் தண்ணீரை வீணாக்காமல் சட்டியில் பிடித்து அரிசி களையக் கொடுத்தேன்.

மோட்டாரைச் சொல்ல வேண்டும். குழாயைத் திறந்தால் கட்டிலுக்கு அடியில் ஒரு குட்டி பம்ப் 'டர்ர்ர்' என்று ஓடும். மூடினால் நிற்கும். ஆகவே இந்த வண்டியில் தண்ணீர் விஷயத்தில் ரகசியமே கிடையாது. மாப்பிள்ளை பல் தேய்ப்பது மூன்று டர். மகள் முகம் கழுவுவது ஐந்து டர். என் மனைவி ஒரு தம்ளர் கழுவினால் ரயில் போகும். முதல் ராத்திரி மூன்று மணிக்கு யாரும் எழுந்திருக்காமலேயே ஒரு 'டர்' கேட்டது. பத்து நிமிஷம் கழித்து இன்னொன்று. எங்கோ சொட்டுகிறது, அழுத்தம் குறைகிறது, பம்ப் ஓடுகிறது! இருட்டில் தடவிப்போய் பார்த்தால், வாஷ்பேசின் குழாய் ஒரு மயிரிழை திறந்திருந்தது. மூடிவிட்டு வந்து அந்தப் பெருமையிலேயே விடியும்வரை தூங்கவில்லை.

காலையில் பால் வாங்க மகள் காரில் ஊருக்குள் கிளம்பினாள், நானும் ஏறிக்கொண்டேன். சென்னைக்காரன் கை சும்மா இருக்குமா? கடையில் ஏழு காலன் கேன் இரண்டு வாங்கி, பெட்ரோல் பங்கில் கேட்டு நிரப்பி, டேங்கில் ஊற்றினேன். மறுநாளும் அப்படியே. "தண்ணி இருக்கா மாமா?" என்று மாப்பிள்ளை கேட்கும்போதெல்லாம் "தாராளமா" என்றேன். தாராளம் என்ற சொல் என் மனைவி காதில் விழுந்தது. ரயில்கள் அடிக்கடி போக ஆரம்பித்தன.

கடைசி நாள் காலை, சிங்க்கில் அவள் குக்கரைக் கழுவிக்கொண்டிருக்க, நான் மக்கோடு குளியல் கூண்டில் காலை வைத்தேன். ஜில்லென்று கணுக்கால்வரை ஏதோ ஏறியது. கீழே பார்த்தேன். முந்தின நாள் சாம்பாரின் கடுகு மிதந்துகொண்டிருந்தது. ஒரு கறிவேப்பிலை மெதுவாக என் கட்டைவிரலைச் சுற்றி வந்தது.

ஓடிவந்த மாப்பிள்ளை என் விளக்குப் பலகையில் நான் தொட்டே பார்க்காத இன்னொரு பொத்தானை அழுத்தினார். 'நிறைவு.' கழுவிய தண்ணீருக்கென்று வண்டிக்கு அடியில் தனி டேங்க் இருக்கிறது. அதன் பெயர் கிரே டேங்க். கக்கூஸுக்கு வேறு ஒன்று, அதைப் பற்றி வேண்டாம். கிரே டேங்க் பிடிப்பது முப்பது காலன், நூற்றுப் பதினாலு லிட்டர். அது நிரம்பினால் வண்டியிலேயே தாழ்வான வடிகால் எதுவோ அதன் வழியாகத் திரும்பி வரும். அந்தத் தாழ்வான வடிகாலில்தான் நான் நின்றுகொண்டிருந்தேன். தரையில் திறந்துவிடலாமே என்றேன். கூடாதாம், சாம்பார்த் தண்ணீராக இருந்தாலும்.

ஈரக்காலோடு உட்கார்ந்து கணக்குப் போட்டேன். வந்தது 150, கேனில் 106, மிச்சம் ஏறக்குறைய 100. ஒரு சொட்டு பிசகில்லை. நாற்பது வருஷமாக நான் எழுதியதெல்லாம் வரவுக் கணக்கு மட்டும்தான். லாரி வந்ததா, சம்ப் நிரம்பியதா, மேல்மாடிக்கு ஏறியதா என்று கேட்டிருக்கிறேன். கழுவி ஊற்றியது எங்கே போகிறது என்று ஒருநாளும் கேட்டதில்லை.

"வர்ற தண்ணியை மட்டும் பாத்தீங்க" என்றாள் மனைவி. வேறொன்றும் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்.

டேங்க் திறந்துவிடும் இடத்தைத் தேடி 395-ம் நெடுஞ்சாலையில் போனோம். அதற்கு டம்ப் ஸ்டேஷன் என்று பெயர். முதலில் கக்கூஸ் டேங்கைத் திறந்து, பிறகு கிரே டேங்கைத் திறக்க வேண்டும், அப்போதுதான் குழாய் தானே அலசிக்கொள்ளும். போகிற வழியில் ஒரு வாய்க்கால், வறண்ட மண்ணுக்கு நடுவே கரைதொட ஓடிக்கொண்டிருந்தது. என்ன வாய்க்கால் என்று மனைவி கேட்டாள்.

மாப்பிள்ளை சொன்னார். இந்தப் பள்ளத்தாக்குக்கு ஓவன்ஸ் என்று பெயர். வில்லியம் மல்ஹாலண்ட் என்ற எஞ்சினியர் இங்கிருந்து லாஸ் ஏஞ்சலீஸுக்கு ஏறக்குறைய 375 கிலோமீட்டர் கால்வாய் வெட்டி 1913 நவம்பர் 5-ல் திறந்தார். ஒரு பம்ப் கிடையாது, சரிவிலேயே போகிறது. லோன் பைனுக்குத் தெற்கே இருந்த ஏரி 1920களில் காய்ந்தது. 1924-ல் ஊர் ஜனம் கால்வாயை வெடிவைத்துத் தகர்த்தது. அதே வருஷம் நவம்பரில் குடும்பம் குடும்பமாக வந்து மதகைப் பிடித்து நாலு நாள் தண்ணீரைத் திருப்பிவிட்டார்கள், அங்கேயே சமைத்துச் சாப்பிட்டுக்கொண்டு. காய்ந்த ஏரியிலிருந்து கிளம்பும் புழுதியை அடக்க 2001 முதல் லாஸ் ஏஞ்சலீஸ் அதே ஏரியில் தண்ணீர் தெளித்துவருகிறது.

மனைவி ஜன்னலைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "அப்ப நாம டேங்க்ல பிடிச்சுட்டு வந்தது எந்தத் தண்ணி?"

"நம்ம வீட்டுத் தண்ணி."

"வீட்டுக்கு எங்கேருந்து வருது?"

மாப்பிள்ளை கொஞ்ச நேரம் ரோட்டையே பார்த்து ஓட்டினார். "வேற இடத்துலேருந்தும் வருது அத்தை... ஆனா இங்கேருந்தும்தான்."

அதாவது சரிவில் தானாக இறங்கிப்போன தண்ணீரை, லிட்டருக்கு நாலு கிலோமீட்டர் தரும் வண்டியில் ஏற்றி, பிறந்த வீட்டுக்கே கொண்டுவந்து விட்டிருக்கிறேன். "வீராணம்" என்றாள் அவள். ஒரே வார்த்தை. நான் மறுத்துப் பேசவில்லை.

திரும்பும்போது டேங்கில் தொண்ணூறு லிட்டராவது இருந்தது. கனம் குறையும், நல்ல தண்ணீர்தானே, இங்கேயே திறந்துவிடலாம் என்றார் மாப்பிள்ளை. எனக்குக் கை வரவில்லை. லாஸ் ஏஞ்சலீஸ்வரை அப்படியே கொண்டுவந்து, வண்டியைத் திருப்பிக் கொடுக்குமுன் மகள் வீட்டு எலுமிச்சை மரத்துக்குப் பக்கெட் பக்கெட்டாகச் சுமந்து ஊற்றினேன். பத்து பக்கெட். உள்ளே என் மனைவி குளித்துக்கொண்டிருந்தாள். நான் கதவைத் தட்டவில்லை.